பழைய சிப்புக்கு ஒரு டிக்

சலவை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு 'டிக் அக்கா' என்று பெயர். பலகைக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் எந்த டிரைவர், அதாவது எந்தப் பாகத்தை இயக்கும் நிரல், இருக்கலாம், எது வேண்டாம் என்று நீளமான பட்டியல் ஒன்று உண்டு. அதில் டிக் போடுவதும் எடுப்பதும்தான் பதினாறு வருஷமாக அவள் பிழைப்பு.

புதிதாக வந்த டீம் லீடர் ஒருநாள் பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பழைய ஃபிளாஷ் சிப்புக்கெல்லாம் எதுக்குக்கா டிரைவர்? இப்ப யார் வெச்சிருக்காங்க? எடுத்துடுங்க, கெர்னல் கொஞ்சம் இளைக்கட்டும்."

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரம், வாதாடத் தெம்பில்லை. எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரமே ஒரு லாண்டரிக்காரம்மா போன் செய்தார். "உங்க அப்டேட்டைப் போட்டேம்மா, ஆறு மெஷினும் படுத்துடுச்சு. ஹோட்டல் போர்வை இருநூறு உள்ள ஊறுது. கதவும் திறக்கல."

அக்கா மடிக்கணினியும் கேபிளுமாகக் கிளம்பினாள். குற்ற உணர்வு உறுத்த, லீடரும் கூடவே தொற்றிக்கொண்டார்.

இஸ்திரி மேசையில் உட்கார்ந்து கேபிளைச் செருகினாள். திரையில் வரிகள் மளமளவென்று ஓடி, சட்டென்று நின்றன. கெர்னல் எழுந்துவிட்டது, தன் கோப்புகள் இருக்கும் சிப்தான் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. எடுத்த டிரைவரை அவசரத்தில் தனிக் கோப்பாகச் சேர்த்து ஏற்றினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. ஒரு நிமிஷம் விழித்தவள், சிரித்துவிட்டாள்.

"சிப்பைப் படிக்கிற டிரைவரை அந்த சிப்புக்குள்ளயே வெச்சிருக்கேன். பெட்டியைப் பூட்டி சாவியை உள்ள போட்ட கதை."

"அதை நான் வீட்ல மாசம் ரெண்டு தடவை செய்யறேன்," என்றார் லாண்டரிக்காரம்மா.

இந்த முறை டிரைவரைக் கெர்னலோடேயே சேர்த்துக் கட்டினாள். முதல் மெஷின் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாக உயிர்பெற, லீடர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஈரப் போர்வைகளை அள்ளிப் போட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே.

மறுநாள் லீடர், அப்டேட்டை இன்னும் போடாத வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் போன் போட்டார். தங்கள் மெஷினில் என்ன சிப் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் மெஷினைப் பற்றி ஆளுக்குக் கால் மணி நேரம் பேசினார்கள். பக்கத்தில் இருந்த அக்கா, வாங்கிய வருஷத்தை வைத்தே பலகையைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டாள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால், பழைய சிப்போடு ஓடுபவை நூற்றுப் பதினேழு.

லீடர் தலையைச் சொறிந்தார். அக்கா பட்டியலில் அந்த டிரைவரின் விளக்கக் குறிப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தாள்: 'வயசாகிவிட்டது, இன்னும் வேலைக்குப் போகிறது. எடுக்காதீர்கள்.'