நோட்டு அட்டையில் கொடி

எங்கள் சிவகாசிப் பக்கம் நோட்டுக்கு அட்டை போட யாரும் காக்கிக் காகிதம் வாங்குவதில்லை. அச்சாபீசில் நிறம் விலகிக் கழித்துப் போட்ட தாள் கிடக்கும்போது, காசு கொடுத்துக் காகிதம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்புதான் வரும். கணக்கு நோட்டில் சங்குசக்கரப் பெட்டியின் லேபிள், அறிவியல் நோட்டில் பாதித் தேதி இல்லாத காலண்டர், ஆங்கில நோட்டில் முகம் தெரியாத யாருடைய கல்யாணப் பத்திரிகையோ. இப்படித்தான் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவர் என்பதால் எங்கள் வீட்டில் தாளுக்குப் பஞ்சமே கிடையாது.

அந்த ஆண்டு ஜூலையில் அவருக்குக் கொடி ஆர்டர். சுதந்திர தினத்தன்று சட்டையில் குத்திக்கொள்கிற சின்னக் காகிதக் கொடிகள். பச்சை நிறம் வெள்ளைக்குள் ஏறிப் பாழான தாள்களை மற்ற வேஸ்ட் தாளோடு சுருட்டி எடுத்துவந்து, தெருவில் கேட்டவர்களுக்கும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மூத்தவளின் தமிழ் நோட்டு அட்டை கிழிந்து தொங்குவதைப் பார்த்தேன். கையில் அகப்பட்ட தாளை எடுத்துப் போட்டுவிட்டேன். அதில் கொடி இருக்கிறதே என்று தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், விவரமானவள் என்று பெயர் வேறு. புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ!

மூத்தவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. சுதந்திர தினத்தன்று மேடையில் நின்று உறுதிமொழி சொல்ல அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் ஒரு வரி சொல்ல, பள்ளிக்கூடம் மொத்தமும் கையை நீட்டித் திருப்பிச் சொல்லும். வீட்டில் தினமும் ஒத்திகை. சாயங்காலக் குடும்ப ஜெபத்துக்கு ஆமென் சொன்ன கையோடு முக்காலியில் ஏறிவிடுவாள். யு.கே.ஜி. படிக்கும் இளையவள்தான் மொத்தப் பள்ளிக்கூடமும். பிள்ளைகளைத் தூங்கவைப்பதற்குள் எங்கள் இருவருக்கும்கூட மனப்பாடமாகிவிட்டது.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு அழுதுகொண்டே வந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் தமிழ் நோட்டின் மேல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். டிரில் சார் பார்த்துவிட்டார். உறுதிமொழி வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது.

மறுநாள் டியூட்டி முடிந்து, யூனிஃபார்மோடு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். டிரில் சாரும் இருந்தார்.

“என்ன சிஸ்டர், கொடியப் போயி நோட்டுக்கு அட்டை போட்டு வச்சிருக்கீக?”

“அட்டை போட்டது நான்தான் சார். பிள்ளை மேல தப்பு இல்ல. நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுறேன்.”

அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். நிறுத்தவில்லை.

“வேதக்கார வீட்டுல இதோட அருமையெல்லாம் எங்க சொல்லிக் குடுக்கப் போறீக?”

கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வது வழக்கம்தான், ஆனால் அவர் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. மேசையில் விழாவுக்காக வந்திறங்கிய கொடிக் கட்டுகள் இருந்தன. மேல்தாளில் இருந்த அச்சாபீஸ் முத்திரையைத் தொட்டுக் காட்டினேன்.

“இம்புட்டும் எங்க வீட்டுக்காரரு மிஷின்ல ஓடுனது சார். நீங்க சட்டையில குத்தப்போற கொடி வேதக்கார வீட்டுல இருந்துதான் வருது.”

பிறகு மகளின் வகுப்புப் பிள்ளைகளுடைய நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். தலைமையாசிரியை தயங்கித் தயங்கி வரவழைத்தார். எனக்குத் தெரியும், எங்கள் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் படிக்கிறார்கள் என்று. கட்டைப் பிரித்தால் அதே கொடித்தாள் அட்டை இன்னும் மூன்று நோட்டில் இருந்தது. மூன்றும் இந்து வீட்டுப் பிள்ளைகளுடையவை.

“இந்தப் பிள்ளைகளுக்கு என்ன சார் தண்டன?”

“அதுக ஏதோ தெரியாமப் போட்டிருக்கும். அட்டைய மாத்தச் சொல்லிருவோம்.”

“அவுக தெரியாமப் போட்டாக, நாங்க தெரிஞ்சு போட்டோமாக்கும்?”

அவர் கொடிக் கட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். தலைமையாசிரியைதான், பெயரெல்லாம் மாற்றி எழுதிவிட்டோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நல்ல மனுஷிதான், ஆனால் நியாயம் தெரிந்தும் வாயைத் திறக்காத நல்லவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போகிறது.

வீட்டில் எல்லா அட்டையையும் பிரித்தோம். தெருவில் கொடுத்த தாள்களையும் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிவந்தார். செய்த தப்புக்கு அது. செய்யாத தப்புக்குத் தலைகுனிய நான் தயாராக இல்லை.

ஞாயிறு பள்ளி டீச்சருக்கு விஷயம் தெரிந்து பிரியமாகச் சொன்னார்: “நம்ம கோயில்லயும் கொடியேத்துறோம்ல, பாப்பா இங்கன சொல்லட்டுமே. அங்கன எதுக்கு மனக்கஷ்டம்?” வீட்டுக்காரருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்குப் படவில்லை. நம் ஆட்களுக்கு நடுவில் ஒதுங்கி நின்று சொல்ல, அது என்ன நமக்கு மட்டுமான நாடா? மகளிடம் கேட்டேன். “ஸ்கூலுக்கே போவோம்மா” என்றாள்.

பதினைந்தாம் தேதி காலை கோயிலில் தேசத்துக்காக ஜெபம் முடிந்ததும், பிள்ளைகள் இருவரும் வெள்ளைச் சட்டையில் என்னோடு பள்ளிக்கு வந்தார்கள். மூத்தவள் மூன்றாவது வரிசையில் போய் நின்றாள். நான் இளையவளைப் பிடித்துக்கொண்டு பெற்றோர்களோடு ஓரத்தில் நின்றேன்.

கொடி ஏறியது, பூ உதிர்ந்தது. மேடையில் அந்தப் பிள்ளை உறுதிமொழியைத் தொடங்கினாள். பாவம், மெல்லிய குரல். மைக் வேறு கரகரத்தது. பின்வரிசைகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வரியில் என் மகளின் குரல் எழுந்தது. மேடைப் பிள்ளைக்குப் பின்னால் அல்ல, அவளோடு கூடவே, முக்காலியில் நின்று பழகிய அதே உரத்த குரலில். அவளைச் சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்கள். அப்புறம் அடுத்த வரிசை. கடைசிக்கு முந்தின வரிக்குள் பாதி மைதானம் அவள் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இளையவளும் கையை நீட்டிக்கொண்டு கத்தினாள்.

டிரில் சார் கூட்டத்துக்கு மேலாகப் பார்வையாலேயே என்னைத் தேடிப் பிடித்தார். அவர் சட்டையில் எங்கள் வீட்டுக்காரர் அடித்த கொடி. மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பி, பிள்ளையை அடக்கு என்று கண்ணாலேயே சைகை காட்டினார்.

உறுதிமொழி நேரத்தில் அசையக்கூடாதே. நான் கையை நீட்டியபடி கொடியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.