தேவகனி சொன்ன சாட்சி

தேவகனி பேச ஆரம்பித்தால், அவள் நிறுத்துவதற்குள் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். திருவட்டாறுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருபத்தாறு வருஷமாக ரப்பர் பால் வெட்டுகிறாள். அங்கே பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. முந்நூறு மரமும் வாயில்லாதவை. அந்தப் பேச்சையெல்லாம் சேர்த்துவைத்துப் புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் இறக்குவாள். மற்றவர்கள் முட்டுவலி போனதையும் விசா வந்ததையும் இரண்டு வரியில் சாட்சி சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். இவள் எழுந்தால் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்தப் புதன்கிழமையும் எழுந்தாள். விடியற்காலையில் அயினி மரத்தடிக் கரையான் புற்றில் ஓர் அழுங்கை, அதுதான் எறும்புதின்னியை, கண்டாளாம். உடம்பெல்லாம் செதில், வாலில் தொற்றிக்கொண்டு ஒரு குட்டி.

"இருவத்தாறு வருசத்துல ஒரு தடவ கண்டதில்ல. கர்த்தர் எனக்குக் காட்டித் தந்தாரு, ஸ்தோத்திரம்!"

எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அக்கா கிளாராவின் மகன் ஷாஜன் மட்டும், "எந்த அயினி, சித்தி?" என்று கேட்டான். ஜெபத்திலும் ஃபோனை நோண்டும் பயல் தன் சாட்சியைக் காதுகொடுத்துக் கேட்கிறானே என்று இவளுக்குத் தலைகால் புரியவில்லை. பம்ப் ஷெட்டுக்கு இடப்பக்கம், மூன்றாவது வரிசை, பாறையை ஒட்டி என்று விலாவாரியாகச் சொன்னாள். பைத்தியக்காரி.

வெள்ளிக்கிழமை வெட்டப் போனால், புற்று இருந்த இடத்தில் இடுப்பளவு குழி. விளிம்பில் ஒரே ஒரு செதில் கிடந்தது. ஷாஜன் கேட்டது நினைவுக்கு வந்தது. 'எந்த அயினி, சித்தி?' பாதி மரத்தை வெட்டாமல் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

ஷாஜன் வண்டியில் ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு நீல டிரம், மூடியின் மேல் கல்.

"அதுல என்னலே?"

"ஒண்ணுமில்ல சித்தி."

கல்லைத் தள்ளி மூடியைத் திறந்தாள். அழுங்கு குட்டியை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டு கிடந்தது. கடிக்கவில்லை, கத்தவில்லை. சுருண்டுகொண்டால் போதும் என்று நம்புகிற ஜீவன் அது. தூக்கி டிரம்மில் போட அதுவே தோதாகிவிட்டது.

"ஏலே மக்கா, எடுத்த இடத்துலயே விட்டுருவோம்."

"களியக்காவிளையில ஆள் காத்து நிக்கான். இதக் குடுத்துக் கிடைக்கிற காசுல அடுத்த மாசம் நான் துபாய்ல இருப்பேன். உங்க சோலியப் பாருங்க."

வண்டி கிளம்பியது. வாசலில் நின்ற கிளாரா, "ஏட்டி, எனக்க பிள்ளையக் காட்டிக் குடுத்தா பின்ன நீ எனக்குத் தங்கச்சி இல்ல" என்றாள்.

தேவகனி தோட்டத்துக்கே திரும்பினாள். கேட்டில் வனத்துறை போர்டு இருக்கிறது. அதில் நம்பர் உண்டு. ஃபோனில் நான்கு எண்ணை அழுத்துவாள், அழிப்பாள். நடப்பாள், உட்காருவாள், மறுபடி எழுந்திருப்பாள். அவளே இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. ஆனால் அந்தக் கல்லை மறுபடி மூடியில் வைத்திருப்பானோ? வெயில் வேறு ஏறுகிறதே! கடைசியில் கூப்பிட்டுவிட்டாள்.

கேரள எல்லைக்கு இந்தப் பக்கமே வண்டி மாட்டியது. தாய் பிழைத்தது. குட்டி மூச்சுமுட்டிச் செத்திருந்தது. ஷாஜனைக் கொண்டுபோனார்கள்.

"கோர்ட்டுல சாட்சி சொல்ல வருவீங்களாம்மா?" என்று வனத்துறைக்காரர் கேட்டார். சாட்சி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கும் ஜெபம் அடுத்த புதன் கிளாரா வீட்டில். இவள் வரமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள். கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. "சாட்சி இருந்தா சொல்லலாம்" என்றார் உபதேசியார் யேசுரத்தினம்.

தேவகனி எழுந்தாள்.

"போன வாரம் நான் சொன்ன சாட்சியால ரெண்டு தாய்க்குப் பிள்ள இல்லாமப் போச்சு. மிச்ச சாட்சிய நான் கோர்ட்டுல சொல்லணும்."

சமையற்கட்டு வாசலில் நின்ற கிளாரா கேட்டாள்: "எந்த அயினின்னு நீதான் வழி சொல்லிக் குடுத்தேன்னும் சொல்லுவியா?"

"அதத்தான் அக்கா, முதல்ல சொல்லணும்."