மேலிருந்து கத்தியவன்

என் மகன் ஆரன் கல்லூரியில் தலைக்கவசம் போட்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறான். தடுப்பாட்டக்காரன். பந்து கிளம்புமுன் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்தே அடுத்ததைச் சொல்லிவிடுவான். “முன்னுக்குச் சாஞ்சு, நிலத்தில ஊண்டின விரல் வெளுத்திருந்தா பந்தோட ஓடப்போறாங்கள், அப்பா” என்று சாப்பிடும்போது எனக்கும் படிப்பித்தான். அதோடு எனக்கும் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டது.

போன வருட இறுதிப் போட்டி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் நடந்தது. கடைசி நொடிகளில் எதிரணியின் ஒரே ஒரு முயற்சியைத் தடுத்தால் வெற்றி எங்களுடையது. எதிரணியில் சிலர் அகல விலகி நிற்பதைக் கண்டதும் பார்வையாளர் படிக்கட்டின் மேலிருந்து ஆரனுக்குத் தமிழில் கத்தினேன்.

“எறியப்போறாங்கள், பின்னுக்குப் போ!”

ஆரன் பின்வாங்கினான். அவன் விட்ட இடைவெளியால் ஒருவன் பந்தோடு நேரே ஓடினான். தோற்றோம்.

நான் வேலியடிக்கு இறங்கி வந்தபோது கோச் அவனை எல்லோர் முன்னிலும் ஏசிக்கொண்டிருந்தார். பிழை தன்னுடையது என்று ஆரன் பிரெஞ்சில் சொன்னான். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

காரில் ஏறியபின்தான் கேட்டேன். “ஏன் தம்பி, நான் கத்தினதைச் சொல்லேல்லை?”

“விரல் வெளுத்திருந்ததைக் கண்டனான், அப்பா. உங்கட குரல் கேட்டதும் கால் தன்ர பாட்டில போயிட்டுது.”

இப்போதும் போட்டிகளுக்குப் போகிறேன். கைதட்டக்கூடப் பயம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பந்து கிளம்புமுன் அவன் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்க்கிறான்.