மஞ்சக்குப்பத்தில் சேக் பரீது திறந்த குதிரை கிளப்

ஈப்போ நகரத்தில் பந்தயக் குதிரை லாயமொன்றில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு, 1964ஆம் வருஷம் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பிய சேக் பரீது கையோடு கொண்டுவந்தவை ஒரு ரேடியோ, நாலு கைலி, மண்டைக்குள் ஒரு கிறுக்கு. ரேடியோவும் கைலியும் கடல் கடந்து பிழைக்கப் போகும் எல்லாச் சபராளிகளும் கொண்டுவருவதுதான். கிறுக்குதான் புதுசு. கடலூரில் குதிரைச் சவாரி கிளப் திறக்க வேண்டுமாம். சேருகிறவர்களுக்குச் சவாரி பழக்குவது, சொந்தக் குதிரை வைத்திருப்பவர்களின் குதிரையை வாங்கி வைத்துத் தீனி போட்டுப் பார்த்துக்கொள்வது. ஈப்போவில் துரைமாரும் சீன முதலாளிகளும் இதற்கென்றே காரில் வந்து இறங்குவதைப் பார்த்தவர் அவர். கடலூரில் துரையும் இல்லை, சீனரும் இல்லை என்பது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

கிறுக்கு என்று ஊரார்தான் சொன்னார்கள். அதற்குப் பின்னால் இருந்த காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான ஆறாம் மாதமே கப்பலேறியவர். நடுவில் ஒரு தடவை வந்து போனதோடு சரி. இந்தத் தடவை வாசலில் பெட்டியை இறக்கியபோது, மகள் சர்புன்னிசா எட்டிப் பார்த்துவிட்டு, "உம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். மனைவி அமீனா பீவி சிரித்துச் சமாளித்தாள். பரீதுக்குச் சிரிப்பு வரவில்லை. இனிமேல் கப்பல் ஏறுவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டார். ஆனால் உள்ளூரில் இருந்து பிழைக்க ஒரு தொழில் வேண்டுமே. அவருக்குத் தெரிந்த தொழில் குதிரை ஒன்றுதான்.

மைத்துனன் நஸ்ருதீன், அமீனாவின் தம்பி, விடுகிற ஆளில்லை. ஈப்போவில் கடை வைத்திருப்பவன், மச்சானைக் கையோடு அழைத்துப் போவதற்கென்றே கறுப்புக் கண்ணாடி சகிதம் வந்திருந்தான்.

"மச்சான், கடையில பாதி உங்களுது. இங்க குதிரை மேல ஏற எவன் வரப்போறான்? பஸ்ஸுல ஏறவே பயப்படுறானுங்க."

"வருவாங்க, பாரு."

"சரி, ஒரு பேச்சு பேசிக்குவோம். தொறக்குற அன்னிக்கு நாலு பேராச்சும் சேந்துட்டா நான் வாயத் தொறக்கல. சேரலன்னா நாகப்பட்டினத்துல அடுத்த கப்பலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துருவேன்."

பரீது வாக்குக் கொடுத்துவிட்டார். அடுப்படியிலிருந்து அமீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போங்க என்றும் சொல்லவில்லை, போவாதீங்க என்றும் சொல்லவில்லை. அவள் சுபாவமே அப்படி. முன்னே இரண்டு தடவையும் நார்த்தங்காய் ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்து, கண்ணைக்கூடக் கலங்கவிடாமல் அனுப்பி வைத்தவள்.

இடம் சுலபமாகக் கிடைத்துவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கெடிலம் ஆற்றங்கரையை ஒட்டி லூர்துநாதனுடைய பழைய மல்லாட்டை மண்டி ஒன்று, நிலக்கடலை வியாபாரம் நின்றுபோய், சும்மா கிடந்தது. லூர்துநாதனுக்குத் திறப்பு விழா என்றால் உயிர். மாதா கோயில் திருவிழாவில் மாலை, மேளம், மரியாதை எல்லாம் அவர் பொறுப்புதான். "நம்ம எடத்துல ஒரு கிளப்பு தொறக்குறோம்னா சும்மாவா பாய்?" என்று பரீதைவிட அதிகமாகக் குதித்தார்.

குதிரைகள் மூன்று. இரண்டு, சிதம்பரத்து ஜட்கா வண்டிக்காரர்களிடம் வாங்கியவை. மூன்றாவது சுல்தான். சுண்ணாம்பு வெள்ளை, வளைந்த கழுத்து, ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி நடை. அதைக் கொடுத்தவர் பரங்கிப்பேட்டை அப்துல் ஹக். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுவது அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் தொழில். பரீது சுல்தானின் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், மூச்சைக் காது வைத்துக் கேட்டார். அது இதுவரை பார்த்த உத்தியோகத்தை மட்டும் யோசித்துப் பார்க்கவில்லை.

கிளப்பில் தங்க முதலில் வந்தது ஒரு எருமை. பக்கத்துத் தெரு பாத்திமா மேரி வேளாங்கண்ணிக்குப் போனவள், திரும்பும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கட்டிவிட்டுப் போய்விட்டாள். மறுக்க பரீதுக்கு மனசு வரவில்லை. எருமையும் மரியாதையாகவே நடந்துகொண்டது.

ஆள் சேர வேண்டுமே. அதற்கு அவர் பிடித்த புள்ளி வக்கீல் தில்லைநாதன். சிதம்பரத்துக்காரர், கடலூர் கோர்ட்டில் பெரிய பெயர், உடம்பும் அதற்குத் தகுந்த மாதிரி கனம். அவர் எந்தக் கடையில் காபி குடிக்கிறாரோ அந்தக் கடையில்தான் மற்ற வக்கீல்கள் எல்லாரும் குடிப்பார்கள். "நான் ஒரு தடவை ஏறிப் பாக்குறேன் பாய். புடிச்சிருந்தா சேர்றேன். நான் சேந்தா கோர்ட்டே சேந்த மாதிரி" என்று சொல்லியிருந்தார். பரீதின் தலையெழுத்து அந்த ஒரு சவாரியில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சத்தம் கித்தம் இல்லாமல், ஈப்போவில் செய்கிற மாதிரி நாசூக்காகத் திறக்க வேண்டும் என்பது பரீதின் எண்ணம். லூர்துநாதனோ ஒரு கல்யாண பேண்டு செட்டையும் ஆளுயர ரோஜா மாலையையும் கொண்டுவந்து இறக்கினார்.

"குதிரைகிட்ட சத்தம் ஆவாதுண்ணே" என்றார் பரீது.

"பெரிய மனுசன் வர்றாரு பாய். மாலை இல்லாம, பேண்டு இல்லாம என்னா தொறப்பு விழா? சாவு வீடா இது?"

நம் பக்கத்தில் மாலையும் மேளமும் இல்லாமல் யார் எதைத் திறந்திருக்கிறார்கள்? பரீதுக்கும் உள்ளுக்குள் ஆசைதான். சுல்தானின் நெற்றியில் ஜிகினாப் பட்டையைக் கட்டியதே அவர்தான். வக்கீல் பட்டு ஜிப்பாவும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக, கோர்ட்டு வக்கீல்கள் நாலைந்து பேர் புடைசூழ வந்து சேர்ந்தார். ஸ்டூல் போட்டு, இரண்டு பேர் தாங்க, மூச்சு வாங்கக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்தார். லூர்துநாதன் மாலையைப் போட்டார். பேண்டு முழங்கியது.

சுல்தான் காதை நிமிர்த்தியது. முதுகில் ஜரிகையும் மாலையுமாக ஒருவர், முன்னால் பேண்டு. அதற்கு வேறு என்ன தோன்றும்? கழுத்தை வளைத்து, அடிமேல் அடி வைத்து, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டது. பேண்டுக்காரர்களும் கல்யாணத்தில் ஊறியவர்கள்தானே, குதிரை கிளம்பியதும் கால் தானாகப் பின்னால் போனது. ஓடுகிற குதிரையை நிறுத்தப் பரீதுக்குத் தெரியும். இது ஓடவில்லையே, மாப்பிள்ளை நடை நடந்தது. கடிவாளத்தைப் பிடித்துத் திருப்பினால் தலை மட்டும் திரும்பியது, கால் திரும்பவில்லை.

"பாய், எங்க போவுது இது?" என்றார் வக்கீல்.

"தெரியலீங்க. ஆனா நல்லாத்தான் போவுது."

இரண்டு தெரு தள்ளி, மரம் அறுத்து விற்கும் மரவாடிக்காரர் பொன்னுரங்கம் வீட்டில் அன்றைக்குக் காதுகுத்து. வாசலில் பந்தல், வாழைமரம். சுல்தானுக்கு வேறு சாட்சியம் தேவைப்படவில்லை. பந்தலுக்கு நேர் எதிரே போய் நின்றது. வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். மேளதாளத்தோடு மாலையும் கழுத்துமாகக் குதிரையில் ஒரு பெரியவர் வந்திருக்கிறார், யாராக இருந்தாலென்ன, மரியாதை செய்துவிட வேண்டியதுதான். பொன்னுரங்கத்தின் மனைவி பொன்னி ஓடிப்போய் ஆரத்தி கரைத்து எடுத்துவந்து சுற்றினாள். வக்கீல் கையைக் கூப்பினார்.

ஆரத்தி முடிந்தது. குதிரை நகரவில்லை. பரீது இழுத்தார், தள்ளினார், தட்டிக் கொடுத்தார், மலாய் மொழியில் கெஞ்சினார். வக்கீலால் இறங்கவும் முடியாது, ஸ்டூல் மண்டியில் இருந்தது. பின்னாலேயே வந்த மற்ற வக்கீல்கள் துண்டை வாயில் வைத்துச் சிரித்தார்கள். நஸ்ருதீன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், பொட்டியக் கட்டிறலாம்" என்றான். யாரோ வீட்டுக் காதுகுத்தில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பரீது, கப்பல் தட்டில் நிற்கிற மாதிரியே உணர்ந்தார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒருத்தி வந்தாள். அமீனா பீவி. விருந்தாளிகளுக்குத் தேநீர் போட மண்டியின் பின்கட்டில் இருந்தவள். நேரே பொன்னியிடம் போய், "கொஞ்சம் சீனி குடுங்கம்மா" என்று கை நிறைய வாங்கினாள். தம்பியின் உள்ளங்கையைப் பிரித்து அதில் கொட்டினாள்.

"நீ குடு."

"நானா? எதுக்குக்கா?"

"அப்துல் ஹக் வீட்டுக் குதிரைங்களுக்கு அதான் பழக்கம். பொண்ணு வீட்டு வாசல்ல வந்து நின்னா மச்சினன் கையால சீனி தின்னாத்தான் நவுரும். எங்க கல்யாணத்துல நீதானடா குடுத்த. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

பரீது வாயைப் பிளந்தார். கல்யாணத்தன்றைக்கு அவர் முகத்தை மூடிப் பூச்சரம் தொங்கியது. குதிரை அவ்வளவு ஒழுங்காக நின்றதும் கிளம்பியதும் தன்னுடைய சவாரித் திறமையால்தான் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தார்.

நஸ்ருதீன் சீனியைப் பார்த்தான். விரலை மடக்கிக்கொண்டால் மச்சான் ஈப்போவுக்கு வந்துவிடுவார். அக்காவைப் பார்த்தான். அவள் குதிரையைப் பார்க்கவில்லை, அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டிவிட்டான். சுல்தான் ஒரு மணி விடாமல் நக்கித் தீர்த்தது, கச்சிதமாகத் திரும்பியது, வந்த நடையிலேயே மண்டிக்கு நடந்தது.

ஸ்டூல் வந்தது. வக்கீல் இறங்கினார். மாலையைக் கழற்றாமலே பரீதிடம் வந்தார்.

"பாய், எனக்குக் கல்யாணம் ஆனப்ப, ஊர்வலம் வீண் செலவுன்னு எங்கப்பா நிறுத்திட்டாரு. சிதம்பரத்துல தேர் ஓடுற நாலு வீதியும் சுத்தி வரணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?" கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டார். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் எனக்கு இந்தக் குதிரைதான். பேண்டு இருந்தாலும் நல்லதுதான்."

அவர் சேர்ந்தார். சிரித்த வக்கீல்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். காதுகுத்தை முடித்துக்கொண்டு பொன்னுரங்கமும் வந்து பெயர் கொடுத்தார். மழைக்காலத்துக்குத் தங்கள் குதிரைகளை விட இடம் உண்டா என்று ஜட்காக்காரர்கள் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு நஸ்ருதீன் சொன்னான்: "சொன்ன சொல்லு சொன்னதுதான் மச்சான், நான் வாயத் தொறக்கல. ஆனா வக்கீலுங்க ஆசை எத்தினி நாளைக்குத் தாங்கும்? கடையில எடம் அப்படியே கெடக்கும். எப்ப வேணும்னாலும் வாங்க."

பரீது பதில் சொல்ல வாயெடுத்தார். தேநீர் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அமீனா நிமிராமலே சொன்னாள்.

"அவுங்க வரமாட்டாங்க தம்பி. நான் அனுப்பமாட்டேன்."

நஸ்ருதீன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனான். பரீது ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, மனைவியைப் பார்த்தார்.

"இத நீ மொதக் கப்பலுக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமே, அமீனா" என்றார்.

"நீங்க ஒரு தடவையாச்சும் என்னைக் கேட்டீங்களா?" என்றாள் அவள்.