மழை நாள் சைக்கிள்காரன்

இந்த வருஷம் மழையின் மேல் ஜெறோமுக்கு வந்த கோபம் வேறு யாருக்கும் வந்திருக்காது. பெல்மதுளைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டமொன்றில் இருபது வருஷமாகப் பால் வெட்டுகிறவன் அவன். மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், வெட்ட முடியாது, அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயமே வானத்தைத் திட்டுகிற அந்த நாட்களில் இவன் மட்டும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வெயில் நாளென்றால் விடியற்காலை மரம், மத்தியானம் பால் நிறுவை, அதற்குப் பிறகு பக்கத்துக் கிராமத்து மிளகுத் தோட்டத்தில் கைக்காசு வேலை. மிதிப்பதற்கு எங்கே நேரம்? அவன் பழகியதெல்லாம் மழையில்தான்.

இந்த வருஷம் பாருங்கள், தை பிறந்ததிலிருந்து உருப்படியாக ஒரு மழை இல்லை. சித்திரைச் சைக்கிளோட்டத்துக்கு முன் நாற்பது நாளாவது ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டவன் பங்குனி முடியும்வரை ஓடியது எண்ணி ஏழே நாள். ஞாயிற்றுக்கிழமையும் வெட்டு வைத்தார் தோட்டத் துரை. நல்ல வருஷம் என்று லயம் சிரித்தது, இவனுக்கு வயிறு எரிந்தது.

புத்தாண்டுச் சைக்கிளோட்டம் பெல்மதுளைச் சந்தியில் தொடங்கி எம்பிலிப்பிட்டிய போய்த் திரும்ப வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு மேல். போன வருஷம் பாதி வழியில் கால் பிடித்து விழுந்தவனை, ஓட முடியாதவர்களை ஏற்றப் பின்னால் வரும் லொறியில் சைக்கிளோடு சைக்கிளாகப் போட்டுக் கொண்டுவந்து சந்தியில் இறக்கினார்கள். லயத்துச் சனம் முழுக்க அங்கேதான் நின்றது. அன்றிலிருந்து அவன் 'லொறி ஜெறோம்'. அந்தப் பெயர் மனைவி ஜெயந்தியைத்தான் அதிகம் சுட்டது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் "லொறி வந்துருச்சா அக்கா?" என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இந்த வருஷமும் லொறியில வந்து எறங்குனீங்கன்னா, சைக்கிள யோசப்புக்குக் குடுத்துருவேன். சொல்லிட்டேன்" என்றாள். யோசப் அவள் தம்பி. பேக்கரிப் பாண் பெட்டி கட்டி லயம் லயமாக விற்பதற்கு ஒரு சைக்கிள் தேடிக்கொண்டிருந்தான்.

"சரி, குடுத்துரு. மாதா மேல சத்தியம்" என்று இவனும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். சொன்ன பிறகுதான் யோசித்தான். அந்தச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் மட்டுந்தான் அவனை யாரும் ஏவ முடியாது. அதில் பாண் பெட்டி ஏறுவதை அவனால் நினைக்கவே முடியவில்லை.

ஓட்டத்தன்று காலையில் ஜெயந்தி ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி நீட்டினாள். "கனம் வேணாம்" என்று வாசலிலேயே வைத்துவிட்டுப் போனான். மழையில் மிதிப்பவனுக்குத் தாகம் எங்கே தெரியும்? இருபது வருஷம் மர நிழலில் வேலை செய்தவன் உச்சி வெயிலை எங்கே கண்டான்?

போகும்போது நன்றாகத்தான் போனான். கஹவத்தை, கொடகவெல எல்லாம் சிட்டாய்ப் பறந்தது. பல்லேபெத்தைக்குப் பிறகு மரமும் இல்லை, காற்றும் இல்லை. தார் ரோட்டிலிருந்து அனல் எழும்பி முகத்தில் அடித்தது. எம்பிலிப்பிட்டியவில் திரும்பியபோது நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சட்டை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. வழியில் ஒரு குழாயைக் கண்டு, வாய் வைத்துக் குடித்து, தலையையும் நனைத்துக்கொண்டு ஏறினான். கொஞ்ச தூரந்தான். இடது தொடை கல்லாக இறுகியது. இறங்கி, தொடையைக் கையால் குத்திவிட்டு, மறுபடி ஏறினான். அப்போது பின்னால் ஹோர்ன் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, லொறி.

அது விரட்டவில்லை, ஒன்றுமில்லை. பத்து முழம் பின்னால் உறுமிக்கொண்டே வந்தது. இவன் மெதுவானால் அதுவும் மெதுவானது. ஐயோ, அந்தச் சத்தம்! போன வருஷத்துச் சிரிப்பெல்லாம் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

கொடகவெலயில் இரண்டு மணியானது. ஓட்டத்துக்குக் குறித்த நேரம் அதோடு முடிவு. லொறியிலிருந்தவர் இறங்கி வந்தார்.

"மல்லி, நகின்ன" என்றார், ஏறு தம்பி என்று. குரலில் இரக்கந்தான் இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

ஜெறோம் முதுகில் குத்தியிருந்த இலக்கத் துணியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். நம்பரைத் தருகிறேன், லொறியில் ஏறமாட்டேன் என்று சிங்களத்தில் சொன்னான். அவர் இவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டு ஏறிப் போனார்.

இன்னும் இருபது கிலோமீற்றருக்கு மேல். ஓட்டமும் இல்லை, கூட யாரும் இல்லை. இரண்டு தரம் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் தரம் உட்காரப்போன நேரம் மலைப் பக்கம் இடித்தது. பெரிய பெரிய துளியாக விழுந்து, கண் மூடித் திறப்பதற்குள் கொட்டத் தொடங்கியது. கடைத் தாழ்வாரத்துக்கு ஓடிய சனம் இவனைப் பைத்தியமென்றுதான் நினைத்திருக்கும். ஜெறோம் சத்தம்போட்டுச் சிரித்தான். "இப்பதான் ஒனக்கு வழி தெரிஞ்சுச்சா?" என்று மழையைப் பார்த்துக் கத்திக்கொண்டே மிதித்தான். தொடை வலித்தது. ஆனாலும் அது அவனுக்குத் தெரிந்த ரோடு, தெரிந்த மழை.

சந்திக்கு வந்தபோது மூன்றரை தாண்டிவிட்டது. பதாகையைக் கழற்றியிருந்தார்கள். ஒரு கடை வாசலில் ஜெயந்தி குடையோடு நின்றாள். பக்கத்தில் யோசப், கையில் பாண் பெட்டி கட்டுவதற்குக் கொண்டுவந்த கயிறு.

"லொறி ஒரு மணித்தியாலத்துக்கு முந்தியே வந்துருச்சுங்க" என்றாள். "உள்ளுக்கு ஏறித் தேடிப் பார்த்தேன். நீங்க இல்ல. எனக்கு உசுரே போயிருச்சு."

"முடிவு நேரத்துக்கு வர முடியல, ஜெயந்தி. நம்பரையும் குடுத்துட்டேன்."

"லொறியில வரலயே." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ வேற சைக்கிள் பாருடா."

யோசப் கயிற்றைச் சுருட்டினான். ஜெயந்தி குடையைப் புருஷன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இது விடாது போல. நாளைக்கு வெட்டு இருக்காது" என்றாள். "வெள்ளன எழுப்பி விடவா?"