நொண்டிக் காக்கையின் பங்கு

இதைக் கட்டுக்கதை என்பவர்களோடு நான் வாதாட வரவில்லை. 1927-இல், மலாய் நாட்டு ஜெலுத்தோங்கில் பால் கறந்து விற்ற ருக்குமணியின் வாசலில், பட்டப்பகலில் நடந்தது இது. பார்த்தவர்கள் பலர்.

அவள் புருஷன் தங்கராஜு சரக்குத் தோணியில் மூட்டை தூக்கியவன். இடதுகால் நொண்டி. பெண்டாட்டியை அடிக்க மட்டும் கை நன்றாக நீளும். ஒருநாள் காணாமல் போனான். மூன்றாம் நாள் தோணிகள் அணையும் ஜெட்டி ஓரம் ஒரு பிணம் ஒதுங்கியது. முகத்தைக் காக்கையும் பருந்தும் தின்றிருந்தன. இடுப்பு வாரைப் பார்த்து, “அண்ணன்தான்” என்று அழுதான் தம்பி அய்யாக்கண்ணு. எரித்தார்கள்.

பதினாறாம் நாள், செவ்வாய்க்கிழமை. காக்கைக்கு இலையில் சோறு வைத்தார்கள். சரியாகப் பகல் பன்னிரண்டுக்கு ஒற்றைக் காக்கை இறங்கியது. சோற்றைத் தொடவில்லை.

“அண்ணனுக்கு ஏதோ குறை, அண்ணி. மீனாட்சியை என்கூட ஊருக்கு அனுப்பறேன்னு சொல்லுங்க. என் பையனுக்குத்தான்னு சொல்லுங்க. உடனே எடுக்கும்.”

மீனாட்சிக்கு ஏழு வயது. ருக்குமணிக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

“சொல்ல மாட்டேன்.”

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காக்கை எடுக்கும்வரை தினமும் வைக்கவேண்டும் என்றார்கள். காக்கை நடந்தது... இடதுகாலை இழுத்து இழுத்து.

புதன், பன்னிரண்டு மணி. அதே காக்கை. கதவில் அலகால் டக்... டக்... டக்... குடித்துவிட்டு வரும் தங்கராஜு மூன்று முறைதான் தட்டுவான்.

வியாழன். டக்... டக்... டக்...

“அப்பா” என்று முனகினாள் மீனாட்சி.

வெள்ளி. ருக்குமணிக்குப் பயத்தை மிஞ்சிக் கோபம் வந்தது. வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். காக்கையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சோற்றைத் தானே அள்ளித் தின்றாள்.

“பிள்ளையைத் தர மாட்டேன். உனக்கு ஒரு பருக்கையும் இல்ல. பசியோட போ!”

காக்கை வாயைத் திறந்தது.

சத்தம் வரவில்லை...

பறந்துவிட்டது.

பத்து நாள் கழித்து, சிம்பாங் அம்பாட் ரப்பர் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். தங்கராஜு அங்கேதான் ஒளிந்திருந்தானாம். நன்றாகத் தின்று குடித்துத் திரிந்தவனுக்கு, அந்தச் செவ்வாய் மத்தியானத்திலிருந்து ஒரு வாய் சோறு தொண்டையில் இறங்கவில்லையாம். வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டுக்கு உயிர் போனது. வாய் திறந்தபடியே.

ஜெலுத்தோங்காரர்கள் எரித்தது யாரை என்று இன்றுவரை தெரியாது.

அய்யாக்கண்ணுவுக்கு வேர்த்துக் கொட்டியது.

“அண்ணி... இப்பவாச்சும் அண்ணனுக்குச் சோறு வைங்க.”

ருக்குமணி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்பத்தானே செத்தாரு? பதினாறு ஆகட்டும். வரட்டும். அன்னைக்கும் நானே தின்னுக்கிறேன்.”