கட்டைவிரலும் முதுகலைப் பட்டமும்

செல்போனில் கேமரா வரத் தொடங்கியிருந்த காலம். நுண்ணுயிரியலில் முதுகலை முடித்திருந்த நான், மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். ஆன்டிபயாடிக் பட்டதும் பாக்டீரியாவின் மரபணுக்கள் எப்படித் தங்கள் வேலையை மாற்றிக்கொள்கின்றன என்பதுதான் என் ஆய்வேடு. அதை முழுதாகப் படித்தவர்கள் இருவர். ஒருவர் அதைத் தட்டச்சு செய்தவர்.

ஒருநாள் ஆள் குறைவென்று என்னை ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காரவைத்தார்கள். அரைமணி நேரத்தில் ஊசி என் கட்டைவிரலில் இறங்கியது. தெருமுனை மருந்துக் கடைக்காரர் விரலைப் பார்க்காமலே நாலு கேப்சூல் கொடுத்தார்.

"ரெண்டு நாளைக்குப் போடுங்க. அமுங்கிரும்."

அமுங்கியது. ஒரு வாரத்தில் மறுபடி வீங்கியது. மறுபடி நாலு கேப்சூல். கிருமியைப் பற்றி நூறு பக்கத்துக்கு மேல் எழுதிய மேதையான நான் இப்படி மூன்று முறை வாங்கி விழுங்கினேன். வீக்கம் மணிக்கட்டுக்கு ஏறியதும், முதலாளியே தன் காரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் கீறிச் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு கேட்டார், "அரைகுறையா மாத்திரை போட்டுப் போட்டு நிறுத்தியிருக்கீங்க. என்னம்மா படிச்சிருக்கீங்க?"

"பத்தாவது, சார்."

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க டாக்டர், இவங்க கிருமியைப் பத்தியே எம்எஸ்சி படிச்சவங்க" என்றார் பெருமையாக. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில், மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று முதலாளி விளக்கம் கேட்டார். பென்சிலின் வகை மருந்து வந்தால், சில கிருமிகளுக்குள் ஏறக்குறையச் சும்மா கிடந்த மரபணு ஒன்று மும்முரமாகிவிடும், அந்த மருந்தையே உடைக்கும் நொதியைத் தயாரிக்கும், மருந்து தீர்ந்ததும் மறுபடி அடங்கிவிடும் என்றேன்.

அவர் யோசித்தார். "வெளிநாட்டு ஆடிட்காரங்க சோதனைக்கு வர்றப்ப மட்டும் நம்ம கம்பெனியில மாஸ்க்கும் கையுறையும் வெளிய வருதே, அந்த மாதிரிங்களா?"

"ஆமாங்க."

"அப்படீன்னா கிருமிக்கு நல்ல மேனேஜர் இருக்காப்ல."

பரிசோதனை முடிவு வந்தது. பழைய கேப்சூல் அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாதாம். டாக்டர் வேறு மருந்து எழுதினார். இந்த முறை கடைசி மாத்திரைவரை விழுங்கினேன். நகம் விழுந்து கோணலாக முளைத்தது.

அதற்குள் என் படிப்பு கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த டெய்லர் பெண்ணொருத்தி தொண்டை வலி என்று என்னிடம் வந்தாள். டாக்டரைப் பார், அவர் சொல்லாமல் எதையும் வாங்கிப் போடாதே என்றேன்.

"மாத்திர பேரு தெரியாதாக்கா ஒங்களுக்கு?"

"சொல்லக் கூடாதும்மா."

"பெறவு எதுக்குக்கா அவ்வளவு படிச்சிய?" என்று கேட்டுவிட்டு, அவள் மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.